கனடாவிலிருந்து துணைவர் ஸ்பொன்சர் செய்யும்போது

“வங்கியில் பெருந்தொகை காட்ட வேண்டும்” என்று சொல்லிப் பணம் கேட்கும் முகவர்கள் உண்டு. இதை நம்பி, மீளக் கிடைத்த காணியை ஈடு வைக்க வேண்டாம்.

பணப் பொறுப்பு கனடாவில் இருப்பவருடையது. நீங்கள் அங்கு நிரந்தர வதிவிடம் பெற்ற நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு உங்கள் அடிப்படைத் தேவைகளைப் பார்த்துக்கொள்வதாக அவர் ஐ.எம்.எம். 1344 படிவத்தில் உறுதியளிப்பார். வாழ்க்கைத் துணையை மட்டும் அழைப்பவருக்கு வழமையாகக் குறைந்தபட்ச வருமான எல்லை இல்லை. ஆனால், மாற்றுத்திறன் தவிர்ந்த காரணத்துக்காக அரச நலக் கொடுப்பனவு பெறுபவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது. கியூபெக் மாகாணத்துக்குத் தனி நடைமுறை உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. இடம்பெயர்வில் தொலைந்த பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்.

2. கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்டிருந்தால், முதலில் விவாகப் பதிவாளரைச் சந்தியுங்கள்.

3. தமிழ்ச் சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் பெறுங்கள்.

4. பெயரின் எழுத்தும் பிறந்த திகதியும் எல்லாப் பத்திரங்களிலும் ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். வேறுபட்டால் காரணத்தை எழுதி இணையுங்கள்.

1344 படிவத்தில் நீங்களும் கையொப்பமிட வேண்டும். படிவம் இலவசம். நிரப்பாத படிவத்தில் யார் கேட்டாலும் கையொப்பமிடாதீர்கள்.