அக்டோபரில் பச்சை மாறாத புதர்

அக்டோபர் நடுவில் சாஸ்கடூன் நகர ஆற்றங்கரையில் ஆஸ்பென் இலைகள் கொட்டி முடிந்திருக்கும். சோக்செரியும், நகரத்துக்கே பெயர் தந்த சாஸ்கடூன் பெர்ரிச் செடியும் வெறுங்குச்சியாக நிற்கும். அப்போதும் பச்சை மாறாத புதர் தென்பட்டால் அது பெரும்பாலும் ஐரோப்பிய பக்தார்ன்தான். களையெடுக்கும் தன்னார்வலர்களோடு போகிற எனக்கு ஆண்டில் முக்கியமான மாதம் இதுதான்.

வேலிக்கும் காற்றுத் தடுப்புக்கும் என்று ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம் இது. முந்தித் துளிர்த்துக் கடைசியில் உதிர்ப்பதால் அடியில் வெளிச்சம் விழாது, உள்ளூர்க் கன்றுகள் எழும்பாது. ஓட்ஸ் பயிரின் துருநோய்ப் பூஞ்சையும் இதில்தான் தங்கி வளர்கிறது. ஓட்ஸ் விளையும் எங்கள் மாகாணமான சஸ்காச்செவனில் இதை அலட்சியமாக விட முடியாது.

வெட்டும் முன் சரிபாருங்கள். கிளை நுனியில் சிறு முள் இருக்கும். இலை நரம்புகள் நுனியை நோக்கி வளைந்திருக்கும். பட்டையைச் சுரண்டினால் உள்ளே ஆரஞ்சு நிறம் தெரியும். மூன்றும் பொருந்தினால்தான் நான் வாளை எடுப்பேன். அவசரத்தில் ஒரு சோக்செரியை இழப்பது எனக்குப் பெரிய நஷ்டம்.

விரல் பருமனுள்ள கன்றுகளை மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும். கிளறிய மண்ணைக் காலால் அழுத்திவிட வேண்டும். பெரிய மரத்தை வெறுமனே அறுத்தால் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். அறுத்த கையோடு வெட்டுப்பரப்பில் களைக்கொல்லி பூச வேண்டும். பூங்காக்களில் அதை உரிமம் பெற்றவர்கள்தான் செய்வார்கள். வீட்டுத் தோட்டத்தில் மருந்து வேண்டாம் என்றால் கட்டையைக் கனத்த கறுப்பு பிளாஸ்டிக்கால் இறுக மூடி, வெளிச்சம் படாமல் வையுங்கள். விதைகள் மண்ணில் சில ஆண்டுகள் உயிரோடிருக்கும் என்பதால் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

இன்னொரு களையான லீஃபி ஸ்பர்ஜ் வேறு விதம். வேர் பல மீட்டர் ஆழம் போவதால் பிடுங்கிப் பயனில்லை. அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கையுறை அவசியம். மாடுகள் தொடாத அதை ஆடுகள் மேயும்.

பக்தார்னில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. பழம் பெண் மரத்தில்தான். அந்தக் கறுப்புப் பழம் பேதியாக்கும். தின்ற பறவைகள் போகுமிடமெல்லாம் விதையைப் போடும். உங்கள் வேலியோரம் காய்க்கும் மரம் இருந்தால் இந்த ஆண்டே அதை முதலில் எடுத்துவிடுங்கள். ஆற்றங்கரையில் நாங்கள் பிடுங்கும் கன்றுகளில் பல, இப்படி வீட்டு வேலிகளிலிருந்து வந்தவைதான்.