உடைகிற கரைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: ஜெராம் பக்கம் கடல் பெருக்கெடுத்தால் செம்பனைத் தோட்டத்துக்குள் உப்புத் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயம். கரையைக் கட்ட வேண்டியது மாநிலமா, மத்திய அரசாங்கமா, தோட்ட நிர்வாகமா?
– ஒரு வாசகர், கோலசிலாங்கூர்

பதில்: மூவருமே கைகாட்டித் தப்பிக்க இடமுண்டு; சிக்கலே அதுதான். அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலம் மாநிலத்துடையது. வடிகாலும் நீர்ப்பாசனமும் மாநிலத்துக்கும் மத்திய அரசாங்கத்துக்கும் பொது. ஆனால் பெரிய பணம் கோலாலம்பூரிலிருந்துதான் வரவேண்டும். 1980களின் நடுவில் நடந்த தேசியக் கடலரிப்பு ஆய்வு, நாட்டின் சுமார் 4,800 கிலோமீட்டர் கடற்கரையில் கால்பங்குக்கும் மேல் அரிக்கப்படுவதாகச் சொன்னது. அதன்பின் கடலோரப் பாதுகாப்பு ஜேபிஎஸ் எனப்படும் நீர்ப்பாசன, வடிகால் இலாகாவின் வேலையானது. ஐந்தாண்டு மலேசியத் திட்டங்களில் அதற்கு நிதி ஒதுக்குகிறார்கள். தோட்டத்தின் சொந்தக் கரை என்றால் கம்பெனிதான் பார்க்க வேண்டும். கேரித் தீவில் அப்படித்தான்.

நம் பக்கம் சேற்றுக் கடற்கரை. முன்னால் நிற்கும் அலையாத்திக் காடு அழிந்தால் அலை நேரே மண்கரையின் அடியைத் தின்னும். நண்டு வளைகளில் தண்ணீர் கசியும். பிறகு ஒரு பெருக்கில் உடையும். உடைந்தபின் கல் கொட்டுவதைவிட, கசியும்போதே அடைப்பது மலிவு. இது நம் அதிகாரிகளுக்கும் தெரியும், ஆனால் உடையாத கரைக்கு யார் காசு கேட்பார்கள்?

முதலில் கரை யாருடையது என்று நில அலுவலகத்தில் விசாரியுங்கள். கசிவைத் தேதியுடன் படமெடுத்து, மாவட்ட ஜேபிஎஸ்ஸுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நகலை உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.