பிரிந்து வந்த மகளும் பேரப்பிள்ளைகளின் செலவும்

இல்லறம் முறிந்த மகள் இரண்டு பிள்ளைகளோடு உங்கள் படலையைத் திறந்து வருகிறாள். அன்றிரவே அம்மம்மா காப்பை அடகு வைக்க எடுக்கிறா. அம்மப்பா மிஞ்சியிருக்கும் காணியின் உறுதியைத் தேடுகிறார். பாசம் அப்படித்தான் செய்யும். ஆனால், அன்பான பெற்றோரே, நொத்தாரிசிடம் போகமுன் சற்றுப் பொறுங்கள்.

பிள்ளைகளைப் பராமரிக்கும் கடமையைச் சட்டம் பேரன் பேத்தியாரிடம் வைக்கவில்லை; தாய் தகப்பன் இருவரிடமும் வைத்திருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, வசதியிருந்தும் பிள்ளையைக் கவனியாத தகப்பனுக்கு (தாய்க்கும்தான்) மாதாமாதம் பணம் செலுத்தும்படி நீதவான் நீதிமன்றம் கட்டளையிடலாம். விவாகரத்து வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மகள் வெளிநாடு போய்விட்டாலும், பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் விண்ணப்பிக்கலாம்.

"அவன்ரை காசு எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லும் வீடுகள் எத்தனை! அது உங்கள் காசல்ல, பிள்ளையின் காசு. உங்கள் ரோசத்துக்காக அதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை. மகனின் உழைப்பை மறைத்துப் பேசும் அப்பப்பா, அப்பம்மாமாருக்கும் இதையே சொல்ல வேண்டும்.

வழக்குக்குப் போவது பாவமோ என்று சிலர் தயங்குகிறார்கள். பராமரிப்புக் கேட்பதற்கும் திருமண பந்தத்திற்கும் சம்பந்தமில்லை. பிள்ளைகளின் பராமரிப்பையோ சொத்துரிமையையோ காக்க வேறு வழியில்லாதபோது, அரச சட்டப்படியான விவாகரத்தையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கூறுகிறது. அதனால் திருமண பந்தம் அவிழ்ந்துவிடாது என்பது வேறு விடயம்.

இனிக் காணிக்கு வருவோம். தம்பதிகள் தேசவழமைக்கு உட்பட்டவர்களாயின், நீங்கள் கொடுத்த சீதனம் மகளின் தனிச்சொத்து. மணவாழ்வில் இருவரும் உழைத்து வாங்கியதே தேடியதேட்டம். சிக்கல் எங்கே வருகிறது? உங்கள் சேமிப்பைக் கையிலே கொடுத்து, மருமகன் பெயரில் காணி வாங்க விட்டிருப்பீர்கள். பணம் யாருடையது என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் இராது.

ஆகவே இப்போது மகளுக்குப் பணம் கொடுத்தால், கடனோ நன்கொடையோ, எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். காணி எழுதுவதானால் நொத்தாரிசு உறுதியிலே உங்கள் இருவருக்கும் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுங்கள். பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவோடு உங்கள் மருந்துச் செலவும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது.