அசைவும் ஒரு மருந்து

இருட்டில் நடந்து போகிறீர்கள். காலில் ஏதோ நெளிந்தாற்போல் படுகிறது. 'பாம்பு!' என்று நினைத்து முடிப்பதற்குள் துள்ளி விலகிவிடுகிறீர்கள். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. விளக்கைக் கொண்டுவந்து பார்த்தால் கிடப்பது வெறும் கயிறு! சிறிது நேரத்தில் படபடப்பு அடங்கிவிடுகிறது.

இங்கே நடந்தது என்ன? மூளையின் உள்ளே வாதுமைப் பருப்பு வடிவில் அமிக்டலா என்னும் பகுதி உண்டு. அது ஒரு காவல்காரன். அது எச்சரித்ததும், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது. உடல் எதிர்த்து நிற்கவோ ஓடவோ தயாராகிறது.

போர், நிலநடுக்கம், விபத்து, கொடுமை ஆகியவற்றில் சிக்கிய சிலருக்கு, ஆபத்து நீங்கி மாதங்கள் கடந்த பின்னும் இந்த எச்சரிக்கை ஓய்வதில்லை. பட்டாசு வெடித்தாலும் உடல் நடுங்கும். சிலருக்கோ உடல் மரம்போல் இறுகிவிடும். "எல்லாம் முடிந்துவிட்டது, பயப்படாதே" என்றால் அறிவு ஒப்புக்கொள்ளும், உடல் ஒப்புக்கொள்ளாது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்ற பெயரில், 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

சொல் எட்டாத உடலை எதனால் எட்டுவது? அசைவினால் எட்டலாம் என்று காட்டியவர்களுள் ஒருவர் மரியன் சேஸ் என்னும் அமெரிக்க நடனக் கலைஞர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-இல், வாஷிங்டன் நகரின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் அவர் பணி தொடங்கினார். அங்கே பேச்சையே விட்டுவிட்ட நோயாளிகளும் இருந்தார்கள். சேஸ் அவர்களுக்கு நடனப் பாடம் நடத்தவில்லை. ஒருவர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தால், தாமும் அதே தாளத்தில் ஆடுவார். 'உங்களைக் கவனிக்கிறேன்' என்பதை இது சொல்லின்றியே உணர்த்தியது. மெல்ல மெல்ல நோயாளிகள் இசைக்கேற்ப வட்டமாகச் சேர்ந்து அசைந்தார்கள். 1966-இல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் தோன்றியபோது சேஸ் அதன் முதல் தலைவரானார்.

அசைவு எப்படி உதவுகிறது? ஆபத்து வேளையில் உடல் நம் வசத்தில் இல்லை. சிகிச்சையிலோ, கையை உயர்த்துவதும் நிறுத்துவதும் நோயாளியின் விருப்பம். 'இந்த உடல் என்னுடையது. இப்போது ஆபத்தில்லை' என்று உடல் மறுபடி கற்றுக்கொள்கிறது. மூச்சும் துணை செய்கிறது. நீங்களே சோதித்துப் பாருங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை உணருங்கள். மூச்சை இழுக்கும்போது நாடி சற்று விரையும். நிதானமாக விடும்போது தணியும். இதயத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் வேலை இது.

இதற்கு ஆய்வுச் சான்று உண்டா? நீண்ட நாள் இந்நோயால் வருந்திய 64 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2014-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர் வாரம் ஒரு மணி நேரமாகப் பத்து வாரம் யோகாசனம் பயின்றனர். மற்றவர்கள் உடல்நலம் பற்றிய வகுப்பில் கலந்துகொண்டனர். முடிவில் யோகப் பிரிவின் 31 பேரில் 16 பேரிடமும், மற்றப் பிரிவின் 29 பேரில் 6 பேரிடமும் நோய்க்குரிய அளவுக்கு அறிகுறிகள் இல்லை. ஆய்வு சிறியது, எல்லோரும் குணமாகிவிடவுமில்லை. எனவே அசைவுச் சிகிச்சையைப் பயிற்சி பெற்றவர் துணையுடன், மற்ற மருத்துவத்தோடு சேர்த்தே மேற்கொள்ள வேண்டும்.

உங்கள் வகுப்பிலும் பெரும் அதிர்ச்சிக்கு ஆளான ஒருவர் இருக்கலாம். "என்ன நடந்தது, சொல்" என்று அவரைத் துருவாதீர்கள். வாய் திறக்காவிட்டால், அவருடைய நடை வேகத்திலேயே கூட நடந்து செல்லுங்கள். நம்பிக்கையான ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ போக அவர் இசையும்போது துணைக்குப் போங்கள்.