காட்மஸ் கொணர்ந்த எழுத்து

நுழையும்முன்

ஒரு நகரைப் பற்றி மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கதை தொன்மம். சான்றுகளால் நிறுவப்படுவது வரலாறு. கிரேக்க நாட்டின் தீப்ஸ் நகரில் இவ்விரண்டும் எங்கே கூடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை இப்பாடத்தில் காண்போம்.

தொன்மம்

பினீசியரின் துறைமுக நகரான டயரை அகீனார் என்னும் மன்னன் ஆண்டான். அவன் மகள் ஐரோப்பாவை, கிரேக்கரின் தலைமைக் கடவுளான ஜீயஸ் காளை உருவில் வந்து கவர்ந்து சென்றார். அவளின்றித் திரும்பலாகாது என மன்னன் ஆணையிட, அவன் மகன் காட்மஸ் கடல் கடந்து தேடினான். எங்கும் காணாமல் டெல்ஃபி கோவிலில் குறி கேட்டான். தேடலைக் கைவிட்டு ஒரு பசுவின் பின்னே செல்லுமாறும், அது படுக்கும் இடத்தில் நகர் அமைக்குமாறும் விடை கிடைத்தது.

பசு பியோஷியா நாட்டில் படுத்தது. நீர் முகக்கச் சென்ற தோழர்களை, ஊற்றைக் காத்திருந்த பெரும்பாம்பு கொன்றது. காட்மஸ் அப்பாம்பை வீழ்த்தினான். அதீனா தெய்வத்தின் சொற்படி அதன் பற்களை நிலத்தில் விதைத்தான். படைக்கலம் ஏந்திய வீரர்கள் முளைத்தெழுந்தனர். அவர்கள் நடுவே அவன் ஒரு கல்லை எறிந்தான். எறிந்தவர் யாரென அறியாத வீரர்கள் தமக்குள் பொருது மடிந்தனர். எஞ்சிய ஐவரின் துணையுடன் நகர் எழுந்தது. அதன் கோட்டைக்குன்று, அவன் பெயரால் காட்மியா எனப்பட்டது.

எழுத்து வந்த வழி

காட்மஸுடன் வந்த பினீசியரே கிரேக்கருக்கு எழுத்தறிவித்தனர் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெரோடோட்டஸ் எழுதினார். காட்மஸ் என ஒருவன் வாழ்ந்ததற்குச் சான்று இல்லை. ஆயினும், கிரேக்க எழுத்து பினீசிய எழுத்திலிருந்து பிறந்தது என்பது உண்மை. ஆலெஃப், பேத் என்னும் பினீசியப் பெயர்களே ஆல்ஃபா, பீட்டா ஆயின.

பினீசிய எழுத்துகள் 22, அனைத்தும் மெய்யெழுத்துகள். ஏறத்தாழ கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அவற்றைப் பெற்ற கிரேக்கர், தம் மொழியில் இல்லாத ஒலிகளுக்குரிய சிலவற்றை உயிரெழுத்துகளாக மாற்றிக்கொண்டனர். உயிரின்றி மெய் இயங்காது என்று பயிலும் நமக்கு இம்மாற்றத்தின் அருமை எளிதில் விளங்கும்.

காட்மியாக் குன்றின் அகழாய்வு மற்றொரு செய்தியையும் தருகிறது. அங்குக் கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த களிமண் ஏடுகள் கிடைத்தன. அவற்றில் உள்ளது லீனியர் பி என்னும் வேறோர் எழுத்து. அரண்மனையை அழித்த தீயே அவ்வேடுகளைச் சுட்டு நிலைக்கச் செய்தது. ஆகவே, பினீசிய எழுத்து வருமுன்பே தீப்ஸில் எழுத்து இருந்தது. பின் அது மறக்கப்பட்டது. தொன்மம் அதனை அறியவில்லை.

எழுச்சியும் வீழ்ச்சியும்

கி.மு. 371இல் எபமினோண்டாஸ் தலைமையில் தீப்ஸ் படை லியூக்ட்ராப் போரில் ஸ்பார்ட்டாவை வென்றது. அம்மேன்மை நெடுநாள் நீடிக்கவில்லை. மாசிடோனியாவை எதிர்த்துக் கிளர்ந்த தீப்ஸை, கி.மு. 335இல் அலெக்சாண்டர் தரைமட்டமாக்கினார். கோவில்களுடன் கவிஞர் பிண்டாரின் இல்லத்தையும் அவர் அழிக்காமல் விட்டார் என்பர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின் கசாண்டர் அந்நகரை மீண்டும் எழுப்பினார்.

தம் நகரை நிறுவியவன் அயல்நாட்டான் என்றும், தம் எழுத்து அயலாரிடம் பெற்றது என்றும் சொல்லக் கிரேக்கர் நாணவில்லை. அக்கதையின் பாம்பும் பற்களும் கற்பனை. அதிலுள்ள நன்றி உண்மை.

தெரிந்து தெளிவோம்

எகிப்திலும் தீப்ஸ் என்னும் பழம்பெரும் நகர் இருந்தது. அது வேறு; இது வேறு.

சொல்லும் பொருளும்

பொருது – போரிட்டு
முகக்க – மொள்ள
நாணவில்லை – வெட்கப்படவில்லை

மதிப்பீடு

1. கோடிட்ட இடத்தை நிரப்புக: பினீசிய எழுத்துகளின் எண்ணிக்கை ______.
2. காட்மஸ் நகர் அமைக்கும் இடத்தை எவ்வாறு அறிந்தான்?
3. பினீசிய எழுத்தில் கிரேக்கர் செய்த மாற்றம் யாது?
4. காட்மஸ் கதையில் வரலாற்றோடு பொருந்துவது எது? பொருந்தாதது எது? காரணம் கூறி எழுதுக.
5. நீங்கள் வாழும் ஊரின் பெயர் குறித்து வழங்கும் கதையொன்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக. அதனை மெய்ப்பிக்க எவ்வகைச் சான்று வேண்டும் எனச் சிந்திக்க.