முதல் ஆயிரம் நாள்கள்

இராமநாதபுரக் கடற்கரை ஊர்களில், குழந்தை பெற்ற தாய்க்குச் சுறாப்புட்டு சமைத்துத் தருவது வழக்கம். தாய் நலமாக இருந்தால்தான் சேய் நலம்பெறும் என்பதை உணர்ந்த நெய்தல் மக்களின் பட்டறிவு அது.

அத்தாய்க்கு உணவு கருவுற்ற நாள்முதலே வேண்டும். இரத்தசோகை, போதிய உணவின்மை, இளவயதுத் திருமணம் ஆகியவற்றால் குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும். பிறக்கும்போது 2.5 கிலோகிராமுக்குக் கீழ் இருப்பதையே மருத்துவ உலகம் எடைக்குறைவு என்கிறது.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் குழந்தைக்குச் சீம்பால் புகட்ட வேண்டும். நோயை எதிர்க்கும் ஆற்றல் அதில் நிறைந்துள்ளது. சர்க்கரை நீரை முதலில் நாவில் வைக்கும் ‘சேனை’ வழக்கம் அதனைத் தாமதப்படுத்துகிறது. ஆறு மாதம்வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் தேவையில்லை. பின்னர், குழைந்த சோறு, பருப்பு, முட்டை, முள் நீக்கி மசித்த மீன் ஆகியவற்றுடன், இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம். விடியலில் கடற்பாசி எடுக்கச் செல்லும் தாய்க்கு இது எளிதன்று. குடும்பத்தார் துணைநின்றாலே இயலும்.

உணவு குறைந்து, வயிற்றுப்போக்கும் அடிக்கடி தாக்கினால் குழந்தையின் உயரம் குன்றும். மெலிவு கண்ணுக்குத் தெரியும். குன்றிய வளர்ச்சியோ எளிதில் தெரியாது. “தந்தையைப் போலக் குள்ளம்” என்று வீட்டார் அமைதியடைவர். பிறக்கும்போது ஏறத்தாழ 50 செ.மீ. நீளமுள்ள குழந்தை, ஓராண்டில் 75 செ.மீ. அளவை எட்ட வேண்டும். கண் தவறவிடுவதை அளவுகோல் காட்டிவிடும்.

இவ்வுண்மையை உணர்ந்தே, 1980இல் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. அன்றைய இராமநாதபுரம் மாவட்டமும் அதில் இடம்பெற்றது. ஆறு முதல் முப்பத்தாறு மாதம்வரையுள்ள குழந்தைகள் மாதந்தோறும் எடை பார்க்கப்பட்டனர். எடை குறைந்தோ உயராமலோ இருந்த குழந்தைகளுக்குக் கூடுதல் உணவு தரப்பட்டது. தேறியதும் அது நிறுத்தப்பட்டது. குழந்தை நலிவடைந்தபின் காப்பதைவிட, நலிவின் முதல் அடையாளத்தைக் கண்டறிவதே அதன் நோக்கம். இன்று அங்கன்வாடிகளில் எடையோடு உயரமும் அளக்கப்படுகிறது.

கருவில் 270 நாள்கள். பிறந்தபின் ஈராண்டுகளில் 730 நாள்கள். இந்த ஆயிரம் நாள்களில் இழந்த வளர்ச்சியைப் பின்னர் முழுமையாக மீட்பது அரிது. ஆகவே, மாதந்தோறும் குழந்தையை அளந்தறிவது பெற்றோரின் கடமை; தாய்க்கு உணவும் ஓய்வும் கிடைக்கச் செய்வது சமூகத்தின் கடமை.