ஐந்து காலமும் யோகமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானுடைய உத்ஸவத்தை ஸேவிக்க வெகு தூரத்திலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு, இம்மலரின் வாயிலாக யோகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் விண்ணப்பிக்க விரும்புகிறேன்.

யோகம் என்ற சொல் இன்று கேளாத இடமில்லை. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21ஆம் நாளை ஸர்வதேச யோக தினமாக அறிவித்தது. 2015 முதல் ஆண்டுதோறும் அந்நாளில் மைதானங்களில் பாய் விரித்து மக்கள் ஆஸனம் பழகுகின்றனர். நல்லதே. உடல் நலம் வேண்டாமென்று எந்த சாஸ்திரமும் கூறவில்லை. ஆயினும் பதஞ்ஜலி மஹரிஷி தமது ஸாதன பாதத்தில் ஆஸனத்துக்கு ஒதுக்கியவை 46, 47, 48 என்ற மூன்றே ஸூத்ரங்கள். அவற்றிலும் எந்த ஆஸனத்தின் பெயரும் கிடையாது. அசைவின்றியும் சுகமாகவும் இருக்கும் இருப்பே ஆஸனம் என்பது அவர் காட்டும் லக்ஷணம். (எங்களைப் போன்ற அர்ச்சகர்களைக் கேட்டால் ஆறு ஆஸனங்கள் சொல்வோம்: மந்த்ராஸனம், ஸ்நானாஸனம், அலங்காராஸனம், போஜ்யாஸனம், புனர்மந்த்ராஸனம், பர்யங்காஸனம். திருவாராதனத்தில் இந்த ஆறிலும் எழுந்தருளுபவன் பெருமாள். நாம் நின்றுகொண்டுதான் இருப்போம்!)

இதனோடு "மைண்ட்ஃபுல்னெஸ்" என்றொரு சொல்லையும் இளைஞர்கள் கூறக் கேட்கிறேன். 1979இல் அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில், ஜான் கபட்-ஜின் என்பவர் நோயாளிகளுக்கென்று தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியே இது உலகெங்கும் பரவக் காரணமாயிற்று. அவர் இதனைப் பௌத்தர்களின் தியான முறையிலிருந்து எடுத்தார். பாலி மொழியில் இதற்கு "ஸதி" என்று பெயர். அதுவே வடமொழியில் "ஸ்ம்ருதி", அதாவது நினைவு. இச்சொல் நமக்குப் புதிதன்று. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் தியானத்தை "த்ருவாநுஸ்ம்ருதி", நிலைபெற்ற இடையறாத நினைவு, என்றே நிர்ணயித்தருளினார்; எண்ணெய் ஒழுக்குப் போல் அது அறாமல் செல்ல வேண்டும் என்றும் விளக்கினார். அவர்கள் மூச்சையும், மனத்தில் எழும் எண்ணங்களையும் கவனிக்கின்றனர். நம் முன்னோர் ஒருவனை நினைத்தனர். சொல் ஒன்றாயினும் வழி அங்கே பிரிகிறது.

சென்ற ஆண்டு ஓர் அன்பர் தீர்த்தம் வாங்கிக்கொண்டே கேட்டார்: "ஸ்வாமி, காலை ஆறு மணிக்குப் பஸ் பிடித்தால் இரவு எட்டு மணிக்கு வீடு வந்து சேருகிறேன். யோகம் செய்ய எனக்கு நேரமேது?" கோஷ்டியில் பலர் தலையசைத்தனர். இது பலருடைய உள்ளத்திலும் இருக்கும் கேள்வி. எல்லா வேலைகளும் போக மிஞ்சும் நேரத்தில் செய்ய வேண்டியது யோகம் என்று நினைத்தால் இக்கேள்விக்கு விடை கிடையாது. யாருக்கும் நேரம் மிஞ்சுவதில்லை. பாஞ்சராத்ர சாஸ்திரம் இதனை வேறு விதமாக அமைத்தது. நாள் முழுவதையும் அது ஐந்து காலமாகப் பகுத்தது: அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம். இவற்றை அனுஷ்டிப்பவர்களுக்குப் பஞ்சகால பராயணர் என்று பெயர். ஸ்வாமி தேசிகன் பாஞ்சராத்ர ரக்ஷை என்னும் க்ரந்தத்தில் இந்த அனுஷ்டானத்தை விரிவாக ஸ்தாபித்தருளினார். இந்த வரிசையில் யோகம் ஐந்தாவதாக, இரவில் வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். முன்னைய நான்கும் அதற்கு நிலம் பண்படுத்துகின்றன. பகலெல்லாம் சிதறிய மனத்தை இரவில் அரை மணி நேரம் பிடித்து இழுத்தால் அது வாராது.

அபிகமனமாவது விடியற்காலையில் துயிலெழுந்து, நீராடி, நித்ய கர்மங்களைச் செய்து, மனம் வாக்கு காயம் மூன்றாலும் எம்பெருமானை அணுகுதல். கண் விழித்தவுடன் கைப்பேசியைத் தேடும் கை, அதற்கு முன்னே ஹரி நாமத்தைச் சொல்லிக் கூப்பட்டும். இவ்வளவாவது எவராலும் இயலும்.

உபாதானத்தைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பஸ் பிடித்து வேலைக்குச் செல்பவரின் நாள் பெரும்பாலும் இங்கேயே கழிகிறது. திருவாராதனத்துக்கு வேண்டிய புஷ்பம், பழம், அரிசி முதலியவற்றைச் சேகரித்தலும், அதற்கான பொருளை நியாயமான வழியில் ஈட்டுதலும் உபாதானம். ஆகவே அலுவலகம் செல்வதும் கடையில் அமர்வதும் வயலில் உழுவதும் இதில் அடங்கும். காலையில் வாசற்படி தாண்டும்போது "இன்று ஈட்டப் போவது அவனுடைய தளிகைக்கு" என்று ஒருமுறை ஸங்கல்பித்துக் கொள்பவருக்கு அன்றைய தராசு பொய் சொல்லாது. அரசாங்க அலுவலகத்தில் எதிரே நிற்கும் ஏழைக் கிழவரின் மனு அவர் மேஜையில் காரணமின்றித் தூங்காது. கையூட்டுப் பணத்தில் வாங்கிய மல்லிகையைப் பெருமாள் திருமேனியில் சாற்ற முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்.

திருக்கோயிலில் பூக்கைங்கர்யம் செய்பவர் பூவை ஆராய்வதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதிகாலையில் நடப்பது அது. கூடையிலிருந்து ஒவ்வொரு பூவாக எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். புழு அரித்தது, வாடியது, முகர்ந்தது, தரையில் விழுந்தது எல்லாம் விலக்கப்படும். (தானே உதிரும் பவழமல்லிக்கு மட்டும் வழக்கத்தில் விலக்குண்டு.) ஆயிரம் பூவானாலும் ஆயிரத்தையும் பார்க்கத்தான் வேண்டும். இவருக்குத் தியானம் கற்பிக்க யாரும் வரவில்லை.

இதனினும் வியப்புக்குரியது மடைப்பள்ளி. தளிகை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு நிற்பார். பெருமாள் கண்டருளப் பண்ணுவதற்கு முன் ஒரு துளியும் ருசி பார்க்கலாகாது. முகர்ந்து பார்ப்பதும் கூடாது. ருசி பாராமல் அண்டா நிறையப் புளியோதரைக்கு உப்பிட வேண்டுமானால் கையும் கண்ணும் நெஞ்சும் மூன்றும் அங்கேயே இருந்தாக வேண்டும். அரிசியின் அளவு, உப்பின் அளவு, புளியின் வயது, அடுப்பின் தணல் இவை யாவும் நினைவில் நிற்க வேண்டும். நெஞ்சு ஒரு கணம் வீட்டுக்குப் போய் வந்தால், உப்பு இரண்டு முறை விழும். அல்லது விழாமலே போகும். பின்னால் திருத்தவும் வழியில்லை. நீங்கள் கையில் வாங்கி உண்ணும் பிரஸாதத்தின் பதம் இப்படிப்பட்ட நினைவிலிருந்து வருகிறது. இதை வீட்டிலும் செய்யலாம். தளிகை செய்பவர், ஆணாயினும் பெண்ணாயினும், ஒரு வாரம் ருசி பாராமல் சமைத்து, அகத்துப் பெருமாளுக்கு அமுது செய்வித்து, பிறகு உண்ணட்டும். முதல் இரண்டு நாள் சாம்பாரில் உப்பு கூடும் அல்லது குறையும். வீட்டிலுள்ளோர் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நான்காம் நாளுக்குள் கைக்கு அளவு தெரியும். அப்போது தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே சமைக்க மனம் இசையாது.

மூன்றாவதான இஜ்யை, நடுப்பகலில் செய்யும் திருவாராதனம். அதிதிகளுக்கு அன்னமிடுதலும் இதனைச் சேர்ந்தது. அதற்குப் பின் நாம் உண்பதற்கு சாஸ்திரம் "அனுயாகம்" என்று பெயரிட்டுள்ளது. உண்பதும் ஒரு யாகமே. உள்ளே அந்தர்யாமியாய் இருப்பவனுக்கு இடும் ஆஹுதி. யாகம் செய்பவன் ஒரு கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு மறு கையால் நெய் வார்ப்பானா? கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் 16ஆம் சுலோகத்தில் கண்ணன், மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காதவனுக்கும் யோகம் கைகூடாது என்று அருளினான். அக்காரவடிசிலை மூன்று தொன்னை உண்டுவிட்டு மண்டபத் தூணில் சாய்ந்து கண்மூடுபவர்களை உத்ஸவந்தோறும் காண்கிறேன். அது தியானம் என்று அவர்களும் கூறிக்கொள்வதில்லை.

ஸ்வாத்யாயம் பிற்பகலுக்குரியது. வேதம், திவ்யப்ரபந்தம், இதிஹாஸ புராணங்கள் ஆகியவற்றைப் பயிலுதல், கேட்டல், பிறருக்குச் சொல்லுதல். நாளுக்கு ஒரு பாசுரம் பொருளுடன் என்றால் திருப்பாவை முப்பது நாளில் நிறைவுறும். பஸ்ஸில் அமரும் நேரத்துக்கு இது போதும்.

யோகத்துக்கு வருமுன் ஒரு சரித்திரம் சொல்ல வேண்டும். காட்டுமன்னார்கோயிலில் அவதரித்த நாதமுனிகள், நாலாயிர திவ்யப்ரபந்தத்தை நமக்கு மீட்டுத் தந்தவர். அவர் மஹா யோகியும் ஆவார். யோகரஹஸ்யம் என்ற க்ரந்தமும் அவர் அருளியதே. அவர் தம் சிஷ்யர்களுள் குருகைக்காவலப்பனுக்கு யோகத்தை உபதேசித்தார். உய்யக்கொண்டாரிடம் வினவியபோது, உலகத்தார் ஸம்ஸாரத்தில் துன்புற்றுக் கிடக்கையில் தாம் மட்டும் யோகத்தில் இன்புற்றிருக்க மனம் ஒவ்வவில்லை என்று கூறி, ப்ரபந்தத்தைப் பரப்பும் பணியை அவர் ஏற்றார். பிற்காலத்தில் நாதமுனிகளின் திருப்பேரனார் ஆளவந்தார் அந்த யோகத்தைப் பெற விரும்பிக் குருகைக்காவலப்பனை அணுக, அவர் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்து அன்று வரச் சொன்னார். ஆளவந்தார் திருவனந்தபுரத்தில் பத்மநாபனை ஸேவித்திருந்தபோது ஓலையை எடுத்துப் பார்க்க, குறித்த நாள் அன்றேயாக இருந்தது. புஷ்பக விமானம் இல்லையே என்று அவர் வருந்தியதாகக் குருபரம்பரை நூல்கள் கூறும். அத்துடன் அந்த உபதேச வழி நின்றுபோயிற்று. யோகரஹஸ்ய க்ரந்தமும் மறைந்தது. நாதமுனிகளின் வம்சத்தவராகத் தம்மைக் கூறிக்கொண்ட ஸ்ரீ திருமலை கிருஷ்ணமாசார்யர் (1888-1989), யோகரஹஸ்யம் ஆழ்வார் திருநகரியில் தமக்குத் தியானத்தில் கிடைத்ததாகத் தெரிவித்தார். பி. கே. எஸ். அய்யங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் பயின்றவர்களே. இன்று வெளிநாடுகளில் பழகும் ஆஸனங்களில் பெரும்பகுதி அவர் வழியாகச் சென்றது.

ஒரு நாள் தவறியதால் நம் ஸம்ப்ரதாயம் யோகத்தையே இழந்துவிட்டதா? இல்லை என்பது அடியேனுடைய துணிபு. ஒரே இடத்தில், ஒருவரிடம், ஒரு நாளில் பெற வேண்டியிருந்தது நின்றுபோயிற்று. நாள்தோறும் எல்லார் வீட்டிலும் நடக்க வேண்டிய ஐந்து காலம் நிற்கவில்லை. மூச்சை அடக்கும் கடும் பயிற்சிகளைப் படங்களைப் பார்த்துத் தாமே செய்வோருக்கு ஒரு வார்த்தை: ஸந்த்யாவந்தனத்திலுள்ள ப்ராணாயாமம் இல்லறத்தாருக்குப் போதும். அதற்கு மேல் வேண்டுவோர் தக்க ஆசிரியரிடம் நேரில் கற்கட்டும். இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் வைத்தியரையும் கேட்கட்டும்.

இரவுப்பணி செய்யும் மருத்துவமனைச் செவிலி ஒருவர், "எனக்கு இரவே பகலாக இருக்கிறது; ஐந்து காலம் எனக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டார். ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் வாக்யகாரரைப் பின்பற்றி, பக்திக்கு அங்கமாக விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அனுத்தர்ஷம் என்று ஏழு ஸாதனங்களைக் காட்டியருளினார். அவற்றுள் க்ரியையாவது கடமைகளைத் தன் சக்திக்கு ஏற்பச் செய்தல். சக்திக்கு ஏற்ப என்ற சொல் அங்கே இருப்பது இத்தகையோருக்காகவே என்று எனக்குத் தோன்றுகிறது. கடிகாரம் மாறினாலும் வரிசையைக் காக்கலாம். அவர் விழித்தெழுவது மாலை நான்கு மணியானால் அபிகமனம் அப்போது. நோயாளிகளைத் தொட்டுத் துடைக்கும் நேரம் உபாதானம். உறங்கப் போகுமுன் யோகம். கடைசி இரண்டு ஸாதனங்களும் உத்ஸவத்துக்கு வந்தவர்களுக்கு மிகவும் வேண்டியவை. அநவஸாதம் மனம் தளராமை. அனுத்தர்ஷம் மிதமிஞ்சிக் களிக்காமை. நெரிசலில் பெருமாளைச் சரியாக ஸேவிக்க முடியவில்லையே என்று அழுபவரையும், முதல் வரிசையில் நின்றோம் என்று ஊருக்குத் திரும்பும்வரை பெருமை பேசுபவரையும் ஒரே நாளில் காண்கிறோம். இருவருக்கும் நினைவு தங்களைப் பற்றியதாகிவிடுகிறது.

இனி, இன்றே செய்யக்கூடிய யோகம். ஸந்நிதியில் பலர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கின்றனர். சிலர் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கின்றனர். இரண்டும் வேண்டாம். வெகு தூரம் வந்தது காண்பதற்கு. திருப்பாணாழ்வார் அமலனாதிபிரானில் திருவடி தொடங்கித் திருக்கண்கள் வரை மேலே மேலே ஸேவித்த முறையிலே நீங்களும் திருவடியைப் பாருங்கள். பிறகு பீதாம்பரம், திருவுந்தி, திருமார்பு, ஆழியும் சங்கும், திருமுகம். கிடைப்பது அரை நிமிஷமானாலும் இவ்வரிசைக்கு அது போதும். அன்றைய சாற்றுப்படியில் பூமாலையின் நிறத்தையும் மறவாதீர்கள்.

நாங்கள் திருவாராதனம் தொடங்குமுன் ப்ராணாயாமமும் பூதசுத்தியும் செய்து, வெளியில் ஸமர்ப்பிக்கப் போகும் அனைத்தையும் முதலில் ஹ்ருதயத்திலே ஸமர்ப்பிக்கிறோம். மானஸ ஆராதனம் என்று அதற்குப் பெயர். இன்றிரவு சத்திரத்திலோ, ரயிலிலோ, வீட்டிலோ படுத்தவுடன் நீங்கள் செய்ய வேண்டியதும் அதுவே. பகலில் கண்ட திருவடியை நெஞ்சில் வைத்து, கண்ட வரிசையிலேயே மேலே வாருங்கள். மூச்சு தானே அமைதிப்படும். அதைத் தனியாகக் கவனிக்க வேண்டியதில்லை. திருமுழங்கால் வருமுன் நாளைய வேலை குறுக்கிட்டால் மீண்டும் திருவடியிலிருந்து தொடங்குங்கள். பாதியில் உறக்கம் வந்துவிட்டால் வரட்டும். விழித்தெழும்போது ஹரி நாமத்தைச் சொல்லி, விட்ட இடம் எதுவென்று பாருங்கள். திருமார்புவரை வந்திருந்தால் அங்கிருந்து.